பெண் பார்க்க வந்தவர்களும் பிரித்துப்போட்ட என்ஜினும்

சித்தூரில் எங்கள் வீட்டில் கார் இருந்தது என்று சொன்னால், நாங்கள் வசதியானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கார் இருந்தது உண்மைதான். அது ஓடியது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

நைனா மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். ஊரை விட்டுப் போன ஒரு டாக்டரின் பழைய கார், வாங்குவார் இல்லாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. அதன் மேல் நைனாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. அம்மாவின் கணக்கில் அதுதான் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கஷ்டம். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டு வயது.

நைனாவின் தங்கை, என் அத்தை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். எங்களோடுதான் இருந்தாள். அவளைப் பெண் பார்க்க அதுவரை நிறைய பேர் வந்து போயிருந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றேதான்: கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிடுவாளா? காபி டம்ளரை நீட்டிக்கொண்டே அத்தை "விடமாட்டேன்" என்பாள். அவர்கள் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியாகத் திருப்பதியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குத் தபாலாபீஸில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். சனிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இனி யாரையும் கூப்பிட மாட்டேன் என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கார்வேட்டிநகரத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய்த் திரும்பும் வழியில், கார் வெள்ளை வெள்ளையாகப் புகை விட்டு நின்றுபோனது. நைனா ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். அதில் ஆயிலுக்குப் பதிலாகப் பால்விட்ட காபி மாதிரி ஏதோ வழிந்தது.

"ஹெட் கேஸ்கட் போயிடுச்சி" என்றார். அந்தக் குரலில் துக்கத்தைவிடப் பெருமை அதிகம்.

என்ஜினுக்கு மேலே மூடிபோல உட்காருவது ஹெட். அதற்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே ஒரு தகடு இருக்கும்; அதுதான் கேஸ்கட். அது பழுதானால் தண்ணீர் போக வேண்டிய வழியில் ஆயிலும், ஆயில் போக வேண்டிய வழியில் தண்ணீரும் போய்விடும். இதை நைனா கரும்பலகையில் நதிகளை வரைகிற மாதிரி தரையில் கரிக்கட்டியால் வரைந்து காட்டினார். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள் அம்மா. "அவன் செய்யறதை நான் பாத்துக்கினுதானே இருந்தேன்? இதுல இன்னா பிரமாதம்?" என்று கேட்டார் நைனா. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாசலில் ஓடுகிற கார் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. மெட்ராஸிலிருந்து ஒரு லாரிக்காரர் புதுத் தகடு வாங்கி வந்து தந்தார்.

சனிக்கிழமை காலையிலேயே வேலை தொடங்கியது. ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, நட்டுகளை எல்லாம் திருகி எடுத்தார். அதன் பிறகு ஹெட்டைத் தூக்கினால் அது அசையவில்லை. நைனா இழுத்தார், தட்டினார், அதனிடம் கெஞ்சியும் பார்த்தார். கடைசியில் கடப்பாரையை எடுத்துவரக் கொல்லைப்பக்கம் போனார்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அண்ணா, கடப்பாரைய கீழ போடு. நட்டை எல்லாம் எண்ணினியா?"

"எல்லாம் எடுத்துட்டேன்டி."

"எண்ணினியான்னு கேட்டேன். எங்க ஆபரேஷன் தியேட்டர்ல எண்ணாம ஒண்ணும் செய்யமாட்டோம்."

சொல்லிக்கொண்டே அவள் கையை விட்டுத் துழாவினாள். பிசுக்குக்குள் புதைந்து ஒரு நட்டு இன்னும் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றியதும் ஹெட் சமர்த்தாக வெளியே வந்தது. அதற்கு மேல் அத்தையை யாராலும் அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புண்ணைச் சுத்தம் செய்கிற கவனத்தோடு, ஒட்டியிருந்த பழைய தகட்டைச் சுரண்டத் தொடங்கினாள். உள்ளே சமையலறையிலிருந்து அம்மா, குளி, குளி என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாசலில் ஜட்கா வந்து நின்றது. சாயங்காலம் வர வேண்டியவர்கள் காலை பஸ்ஸையே பிடித்து வந்துவிட்டார்கள்.

முதலில் ஒரு பருத்த அம்மாள் இறங்கினார். பின்னால், குடையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, ஒல்லியாக ஒருவர். அத்தை நிமிர்ந்தாள். எண்ணெய் வழியும் தலை, கன்னத்தில் கரி, முழங்கை வரை கறுப்பு. அம்மா காபித் தட்டோடு வந்து, அந்தக் காட்சியைப் பார்த்து, அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

"பொண்ணு எங்கேம்மா?" என்றார் அந்த அம்மாள்.

"நான்தாங்க" என்றாள் அத்தை.

நைனா தொண்டையைக் கனைத்தார். அந்த அம்மாள் காரை ஒரு சுற்று சுற்றிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது ஓடுமா?"

"சாயங்காலத்துக்குள்ள ஓடும்" என்றாள் அத்தை.

"அப்ப சரி. பஸ்ஸுல இடுப்பு ஒடிஞ்சி போச்சி. இந்த வண்டி ஓடிச்சின்னா நான் இதுலதான் ஊட்டுக்குப் போவேன். ஓடட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை வேப்பமர நிழலுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளைக்கு என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது; அதை அவரே சொன்னார். என்ஜினுக்குள்ளிருந்து எடுத்த நீளக் கம்பிகளை அத்தை ஒரு செருப்புப் பெட்டி மூடியில் ஓட்டை போட்டு வரிசையாகக் குத்திவைத்திருந்தாள். அதை அவர் கையில் கொடுத்து, "வரிசை மாறக்கூடாதுங்க" என்றாள். அவர் அதை சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். காபி வந்தபோதும் கீழே வைக்கவில்லை. அவர் அம்மாதான் டம்ளரை வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தார்.

புதுத் தகட்டை வைத்தார்கள், ஹெட்டை ஏற்றினார்கள். நைனா ஓரத்து நட்டை ஒரே மூச்சில் இறுக்கப் போனார். "நடுவுலேர்ந்து, அண்ணா! கொஞ்சம் கொஞ்சமா!" என்று அத்தை அவர் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கினாள். மெக்கானிக் செய்ததை அவளும்தான் பார்த்திருந்தாள். மாப்பிள்ளை ஒவ்வொரு கம்பியாக எடுத்துக் கொடுக்க, அவள் பூட்டினாள். "அடுத்தது" என்பாள்; கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் அவள் சொல்லாமலே கொடுக்க ஆரம்பித்தார்.

எல்லாம் முடிந்து தண்ணீரும் ஆயிலும் ஊற்றியதும் நைனா எங்களை நிற்கவைத்து ஜெபம் செய்தார். ஆமென் சொல்லி, காரின் முன்பக்கம் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். கார் இருமியது. இன்னொரு தரம் சுற்றினார், மறுபடியும் இருமல். "நான் சுத்தட்டுமா?" என்று மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தார். அவர் சுற்றிய சுற்றில் என்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி, கறுப்பாக ஒரு புகை விட்டு, பிறகு அழகாகப் பாடத் தொடங்கியது. நைனா என்னைத் தூக்கிச் சுற்றினார். தெருவில் போனவர்கள்கூட நின்று கைதட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா யாரும் கூப்பிடுவதற்கு முன்பே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

என்ஜின் சூடான பிறகு அத்தை நட்டுகளை மறுபடி இறுக்கினாள்; முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்து ஏறினாள். அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். பின் சீட்டில் அத்தைக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நான். நைனா எனக்கு ஒரு வேலை கொடுத்தார்: என்ஜின் சூட்டைக் காட்டும் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அது சிவப்புக்குப் போனால் கத்த வேண்டும்.

நான் கண் சிமிட்டக்கூட யோசித்தேன். பாகாலா தாண்டியும் ஊசி நடுவிலேயே இருந்தது. சந்திரகிரிக் கோட்டை தெரிந்தபோது அத்தை, "அண்ணா, வண்டிய ஓரங்கட்டு. ரேடியேட்டர்ல தண்ணி பாக்கணும்" என்றாள்.

"ஊசி நடுவுலதான் இருக்குது அத்தே!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு."

மாப்பிள்ளை அதற்குள் வாளியோடு இறங்கியிருந்தார். கிணறு வயலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அவருக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அத்தையும் இறங்கிப் போனாள். நான் நைனாவைப் பிடித்து உலுக்கினேன். அவர் ஊசியைப் பார்த்தார். "பழைய ஊசிம்மா. நம்ப முடியாது" என்றார்.

"ஆமா, பாவம், சூடாத்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பையைத் திறந்து எனக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தார்.

நான் அந்த முறுக்கைத் தின்று முடித்து வெகு நேரம் கழித்து அவர்கள் வரப்பில் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வாளியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. இருந்ததையும் அத்தை ரோட்டோரம் கொட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். பானெட்டை ஒருவரும் திறக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. நைனா விசில் அடித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை படித்த பெரியவர்களுக்கு, ஒரு ஊசி எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரியவில்லையே என்று திருப்பதி வரை யாரோடும் பேசாமல் வந்தேன்.