அப்பாவின் ராசி முட்டை

முட்டையை உடைக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். மருமகள் பார்த்துச் சிரிப்பாள். என் அக்காவின் பிறந்த வீட்டு உறவே ஒரு முட்டையால் ஆட்டம் கண்ட கதை அவளுக்கு எங்கே தெரியும்?

எழுபதுகளில் அப்பா தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருந்தார். கடல்நீரை வெயிலில் காயவிட்டு, அதில் உப்புச் செறிந்து நன்றாக முறுகிய பிறகுதான் உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிட வேண்டும். பதம் பார்க்க ஒரு முட்டையைப் போடுவார்கள். மிதந்தால் திறக்கலாம்; முங்கினால் இன்னும் காய வேண்டும். அந்த வருஷம் அப்பா வைத்திருந்தது, அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று எங்கள் கோழி இட்ட முட்டை. ராசியான முட்டையாம். பவுடர் டப்பாவில் பஞ்சு வைத்து, அதையே தினமும் உப்பளத்துக்குக் கொண்டுபோனார். பெற்ற பிள்ளைகள் எங்களைக்கூட அவர் அத்தனை பதனமாகத் தூக்கியதில்லை. வாரத்துக்கு வாரம் அது இன்னும் மேலே எழும்பி மிதந்ததில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை.

கல்யாணம் முடிந்து அத்தான் வந்தார். ஸ்ரீவைகுண்டத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம். தூத்துக்குடிப் பள்ளியில் பௌதிக வாத்தியார். வாடகை வீடு கிடைக்கும்வரை எங்களோடுதான் இருந்தார். அவர் வந்த நேரம் பார்த்து உப்பு விளையவில்லை. பாத்தியில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது.

“முட்டை நல்லாத்தான் மிதக்கு. பொறவு ஏன் உப்பு பிடிக்க மாட்டேங்கு?” என்று அப்பா நாலு நாள் முனகினார். ஐந்தாம் நாள் சாப்பிடும்போது, அத்தான் காதில் விழும்படியே சொன்னார்: “எல்லாம் மருமகன் வந்த நேரம்.”

அக்கா ரசச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள். எனக்கும் அப்பாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

அத்தான் மட்டும் நிதானமாக மோர்ச்சோறு வரைக்கும் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, “மாமா, அந்த முட்டைய ஒருக்க தாங்க” என்றார். ஒரு சட்டியில் குடிதண்ணீர் எடுத்து அதில் போட்டார். ராசி முட்டை ஜம்மென்று மிதந்தது. அப்பா ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, “ஏளா, இதுல உப்பு கிப்பு போட்டியா?” என்று அதட்டினார்.

“அத்தை ஒண்ணும் போடல மாமா. நாளாக நாளாக ஓட்டு வழியா ஈரம் வெளிய போயிருக்கு. உருவம் அப்படியே இருக்கு, எடை குறைஞ்சிட்டு. தான் அடைக்கிற இடத்துத் தண்ணிய விட லேசா இருந்தா எதுவும் மிதக்கும். இது இனிமே ஆத்துத் தண்ணியிலயும் மிதக்கும். நீங்க முறுகாத தண்ணியத்தான் தொறந்து விட்டிருக்கீங்க.”

“அப்போ என் முட்டை அழுகலுங்கீங்களா?” என்று அப்பா ரோஷத்தோடு அதை எடுத்து அங்கேயே உடைத்தார். அரைமணி நேரம் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அப்பா மன்னிப்புக் கேட்கிற ஆளில்லை. மறுநாள் உப்பளத்துக்குப் போய், அன்றைக்கு இட்ட முட்டையை அத்தான் கையில் கொடுத்து, “நீங்களே போட்டுப் பாருங்க மாப்ள” என்றார். கல்லாட்டம் முங்கியது. அன்றன்று இட்ட முட்டை மிதக்கிறவரைக்கும், புதுசு புதுசாகப் போட்டுப் பார்த்து, பொறுமையாகக் காத்திருந்தார்கள். பிறகு பாத்தியில் உப்பு வெள்ளை வெளேரென்று விளைந்தது. அக்காவும் பெட்டியைப் பிரித்துச் சேலைகளைக் கொடியில் போட்டாள். உப்பு வாரிய அன்று வந்தவர் போனவரிடமெல்லாம் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “எல்லாம் மருமகன் வந்த நேரம்!”

இன்று காலை போட்ட முட்டை டம்ளரின் அடியில் போய்ப் பேசாமல் படுத்துக்கொண்டது. அத்தானை நினைத்துக்கொண்டே அதை உடைத்து ஆம்லேட் போட்டேன்.