பேக்கேஜில் மொட்டை கிடையாது

ஒரு சாமியிடம் நேர்ந்துகொண்டால் அந்தக் கடன் சாமியோடு போகுமா, நேர்ந்துகொண்ட இடத்திலேயே நிற்குமா? டிப்ளோமா வரை படித்தவள் நான். எந்த விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்தாலும் தப்பில்லாமல் நிரப்பிவிடுவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் இறங்காமல் சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வராந்தாவில் நின்று, நான் பிறந்த, சுவா பக்கத்து எஸ்டேட்டின் முனியாண்டியைக் கூப்பிட்டேன். "பிள்ளைக்கு முடி எடுக்கிறேன்" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில், "உன் மரத்தடியில் உட்கார வைத்து எடுக்கிறேன்" என்று இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். காய்ச்சல் இறங்கியது.

ஒரு வயதில் எடுத்திருக்க வேண்டும். மாமனார் தவறிவிட்டார், அந்த வருடம் போயிற்று. இரட்டைப்படை வயதில் எடுக்கக் கூடாது என்பார்கள். மூன்று வயதில் அம்மை போட்டது. இப்போது ஐந்து நடக்கிறது. இதை விட்டால் ஏழு, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. மொட்டைத் தலையோடு வகுப்பில் உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகள் சும்மா விடுவார்களா? அவளுக்கோ முடி இடுப்புவரை வந்துவிட்டது; கண்ணாடி முன்னால் நின்று அதைத் தானே தடவிக்கொள்கிறாள். அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் எனக்கு அந்த மரம்தான் ஞாபகம் வரும்.

"மரம் அங்கதான்கா நிக்குது. போன மாசம் மீன் பிடிக்கப் போறப்ப ரோட்டுலேருந்து பார்த்தேன்" என்று தம்பி சொல்லியிருந்தான். அவனுக்குச் செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடி எடுக்க வேண்டும் என்பதால், அவனுக்கு லீவு கிடைக்கிற சனிக்கிழமையாகப் பார்த்து வைத்தோம். அதே சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வந்து இறங்கினார். அவருக்குப் போர்ட்டிக்சனைச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம்.

"நல்லதாப் போச்சு லா. காலையில சுத்திக் காட்டிட்டு, அப்படியே சுவா பக்கம் போய் மொட்டையப் போட்டுட்டு வந்துடலாம்" என்றார் கணவர். மறுத்திருக்க வேண்டும். நாத்தனார் தப்பாக நினைப்பாரோ என்று சந்தனத்தைக் குழைத்து டப்பாவில் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன்.

போர்ட்டிக்சனில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கடல் இருக்கிறது. பால் குறைந்த தேத்தாரே டீயின் நிறத்தில் இருக்கும். அதில் வாழைப்பழ வடிவ ரப்பர் படகில் ஆட்களை ஏற்றி, கத்த வைத்து, பிறகு வேண்டுமென்றே கவிழ்த்துவிடுவார்கள். கவிழ்ந்தவர்கள் எழுந்து வந்து அடுத்த முறைக்கு வரிசையில் நிற்பார்கள். குன்றின் மேல் ஒரு கலங்கரை விளக்கம். மூச்சு வாங்க ஏறினால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கலாம். வழியில் குரங்குகள். நாம் அவற்றைப் பார்க்க வந்தோமா, அவை நம் பையைப் பார்க்க வந்தனவா என்பது ஏறும்போது தெரியாது, இறங்கும்போது தெரியும். அண்ணியின் கச்சான் கடலைப் பொட்டலம் அங்கேயே போயிற்று. அப்புறம் ஒரு நெருப்புக்கோழிப் பண்ணை. அந்தக் கோழிகள் எங்களைப் பார்த்த பார்வையில் இருந்த அலட்சியம் ஒன்றுதான் அன்று நான் கண்ட உண்மையான காட்சி.

அண்ணி எல்லாவற்றையும் படம் எடுத்தார். "சூப்பர் லா தம்பி, சிங்கப்பூர்ல இதெல்லாம் ஏது?" என்றார் என் கணவரிடம். சிங்கப்பூரில் இதெல்லாம் இல்லாததற்குக் காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவாவுக்குத் திரும்பியதும் எஸ்டேட் முகப்பில் ஒரு பெரிய வளைவு நின்றது. பக்கத்தில் டிக்கெட் கவுண்டர். தம்பி தன் மோட்டார் சைக்கிளின் பின்னால், லோபாக்கில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவரை உட்கார வைத்துக்கொண்டு, வளைவையே பார்த்தபடி நின்றான்.

"என்னடா இது?"

"தெரியலக்கா. மீன் பிடிக்கப் போற ரோட்டுலேருந்து மரம் மட்டும்தான் தெரியும்."

டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். எஸ்டேட்டைச் சுற்றுலாத் தலமாக்கியிருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயத்து வீடுகளில் ஒரு வரிசையை மட்டும் விட்டுவைத்து மஞ்சளும் ரோஜா நிறமுமாக அடித்திருந்தார்கள். வாசலில் சேலை கட்டிய ஒரு பிளாஸ்டிக் பொம்மை, கையில் ரப்பர் பால் வாளி. பால் வெட்டுகிறவள் எந்தக் காலத்தில் ஜரிகைச் சேலை கட்டினாள்? நல்ல வெயிலில் வருகிறவர்களின் நெற்றியில் விளக்கைக் கட்டி, ஒரு ரப்பர் மரத்தின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். என் அம்மா விடியுமுன் இருட்டில் கொசுக்கடியில் செய்த வேலையை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் "ச்சீஸ்" சொல்லிச் செய்துகொண்டிருந்தார். அவர் வெட்டியதில் மரத்துக்குக்கூடச் சிரிப்பு வந்திருக்கும்.

மரத்தடியில் கல் இல்லை. சூலம் இல்லை. வட்டமாக ஒரு சிமெண்டு பெஞ்சு. கிளையெல்லாம் கலர் கலராக ரிப்பன். 'வேண்டுதல் மரம்' என்று மலாயில் பலகை. சீருடை போட்ட ஒரு தமிழ்ப் பெண் ரிப்பன் கூடையோடு வந்தாள்.

"அக்கா, ரிப்பன் கட்டுறீங்களா? ஆசைய எழுதிக் கட்டினா நடக்கும்."

"பிள்ளைக்கு முடி எடுக்கணும்மா. இந்த மரத்தடியில."

அவள் கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "மொட்டை பேக்கேஜ்ல இல்லையேக்கா."

மேலாளரை வாக்கி-டாக்கியில் கேட்டுச் சொன்னாள். முடி கீழே விழக் கூடாது, கற்பூரம் கூடாது, சுருட்டு கூடவே கூடாது. ரிப்பன் எத்தனை வேண்டுமானாலும் கட்டலாம். முனியாண்டிக்கு ரிப்பன்!

தம்பி உடனே எஸ்டேட் கோயில் கமிட்டிக்காரருக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

"சாமிய அப்பவே கும்பத்துல இறக்கி செனாவாங் கோயிலுக்குக் கொண்டாந்துட்டோம் லா! வாட்ஸப்புல போட்டோமே, பார்க்கலையா? அங்க நிக்கறது வெறும் மரம். நீங்க பாட்டுக்கு இங்க வந்து மொட்டை போடுங்க."

"மரத்தடியிலன்னு வேண்டிக்கிட்டேன் அண்ணே" என்றேன்.

"மரத்தடின்னு யாரும்மா சொல்லச் சொன்னா?" என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அண்ணிக்கு அது சரியாகப் படவில்லை. "இந்தா பாரு, வாயால இடம் சொல்லிட்டா அந்த இடம்தான். கடையில பார்சல் வாங்கிட்டு வேற வீட்டுல குடுப்பியா? ரோட்டோரமா மரத்தோட நிழல் விழுதுல்ல, அங்க உட்கார வச்சு எடு."

"நிழல் மத்தியானத்துக்கு மேல அடுத்தவன் கம்பத்து நிலத்துக்குப் போயிடும்கா" என்றார் கணவர். முடிதிருத்துகிறவர் வேலை நடக்காது என்று தெரிந்ததும் பெட்டியை மூடி வைத்துவிட்டு ஓர் இளநீர் வாங்கிக் குடித்தார். அவர் ஒருவர்தான் அன்று நிதானமாக இருந்தார்.

நாங்கள் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் மகள் தன் மாமாவை இழுத்துக்கொண்டு போய்ச் சிவப்பு ரிப்பன் ஒன்று வாங்கிவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். பொம்மை ஏதாவது கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். அவன் அவளைத் தூக்கிப் பிடிக்க, அவள் கிளையில் முடிச்சுப் போட்டதை நானே கைப்பேசியில் படம் எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வாசகம் தெரிந்தது.

'என் முடிய யாரும் வெட்டக் கூடாது.'

"எருமை! இதையா எழுதுவ?" என்று தம்பியின் முதுகில் ஒன்று வைத்தேன்.

"அவ சொன்னாக்கா. ஆசைய எழுதணும்னுதானே போட்டிருக்கு?"

கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரே ஆபிஸ்ல ஆத்தாளும் மகளும் ஆளுக்கொரு மனு போட்டுட்டீங்க."

"ஆபிஸே மாறிப்போச்சுங்கறான் அந்தக் கமிட்டிக்காரன்" என்றார் அண்ணி.

ரிப்பனை அவிழ்க்கக் கையை உயர்த்தினேன். மகள் பின்னலை மார்புக்கு முன்னால் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சாமி போய்விட்ட வெறும் மரம்தான் அது என்றால் ரிப்பனை அவிழ்ப்பதில் என்ன பயம்? போகவில்லை என்றால், அவர் முன்னால் ஒரு பிள்ளை கட்டிய வேண்டுதலை அவிழ்க்க நான் யார்? கையை இறக்கிக்கொண்டேன்.

அன்று முடி எடுக்கவில்லை. அண்ணி சிங்கப்பூருக்குப் போய்ப் படங்களையெல்லாம் குடும்பக் குழுவில் போட்டார். நெருப்புக்கோழிக்குத்தான் நிறைய இதயங்கள் விழுந்தன. நேற்று மகள் இரண்டு முறை இருமினாள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறியதுதான். எனக்கும் தெரியும். ஆனாலும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவளுக்கு ஆறு பிறக்க அதிக நாள் இல்லை. உங்கள் எஸ்டேட் கோயிலையும் இப்படி இடம் மாற்றியிருப்பார்கள். பழைய இடத்தில் நேர்ந்ததைப் புதிய இடத்தில் செலுத்தியவர்கள் யாராவது இருந்தால், சாமி ஏற்றுக்கொண்டதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட பிள்ளையை மடியில் பிடித்து உட்கார வைத்து முடி எடுத்த தாய்மார்கள் இருந்தால், நீங்களும் எழுதுங்கள். அதன் பிறகு அவள் உங்களோடு பேசினாளா?