போனைக் கொடுங்க, நான் போடுறேன்

"எழுத்தைச் சொல்ற வழக்கமில்ல. போனைக் கொடுங்க, நான் போடுறேன்" என்று கையை நீட்டியபடி நிற்கிறார் ஸ்டோர்காரர். குழாய் சரிசெய்ய வந்தவர், உடைந்த பாகத்தின் படத்தைக் கடைக்கு அனுப்ப வைஃபை பாஸ்வேர்டு கேட்டுவிட்டார். போனை வாங்கிய ஸ்டோர்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இடது கையால் திரையை மறைத்து, வலது ஆட்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். மொத்தம் பதினாறு எழுத்து. ஒன்று தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பம். குழாய்க்காரர் ஈரக் கையோடு காத்திருக்கிறார். அதற்குள் கடைக்கே நடந்து போய் வந்திருக்கலாம்.

முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையில் சாமான் கிடங்கைக் காக்கும் ஸ்டோர் கீப்பராக இருந்தவர்; அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவரிடமிருந்து சீட்டு இல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போனதில்லை. ஓய்வு பெற்று வந்த பிறகு வீட்டில் காவல் காக்கும்படியாக எதுவும் அகப்படவில்லை. அலமாரிச் சாவி மனைவியிடம், அடுப்படியும் அவள் ஆட்சி. கடைசியில் வைஃபைதான் அவர் கைக்கு வந்தது.

அதற்கென்று பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, பாஸ்வேர்டு, மாற்றிய காரணம் என்று மூன்று பத்தி. "விருந்தாளி ஊருக்குப் போயாச்சு" என்று ஒரு காரணம். "எதிர்வீட்டார் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது" என்று இன்னொன்று. பழையதை ஒரே கோட்டால்தான் அடிப்பார். அடித்தாலும் படிக்க முடிய வேண்டும், அது ஸ்டோர் சட்டம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஜர் எடுப்பார். எந்தெந்தக் கருவிகள் வைஃபையில் இருக்கின்றன என்று அவர் போனில் பட்டியல் வரும். ஒருமுறை பெயர் தெரியாத ஒன்றைக் கண்டு பதறிப்போய் வெளியே தள்ளிவிட்டார். அது மனைவி புதிதாக வாங்கிய டேப்லெட். இரண்டு நாள் அந்த அம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாடியில் இருப்பது அவருடைய சொந்தத் தம்பி. வைஃபைப் பெட்டி வந்த நாளிலிருந்து அவர் போனும் இதில்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், மாடிப் பூந்தொட்டியிலிருந்து வடிந்த சேற்றுத் தண்ணீர் அண்ணன் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் விழுந்தது. வார்த்தை தடித்தது. "உன் வைஃபையை நீயே கட்டிக்கிட்டு அழு!" என்றார் தம்பி. அன்றைக்கே பாஸ்வேர்டு மாறிவிட்டது. பத்தாததற்கு, ஸ்டோர்காரர் நாற்காலி போட்டு ஏறி, பெட்டியின் இரண்டு ஆன்டெனாக் கொம்புகளையும் மாடிக்கு எட்டக் கூடாதென்று தரையைப் பார்க்க மடக்கிவிட்டார். நோட்டில் காரணம் எழுதும் இடத்தில் ஒரே ஒரு சொல்: தம்பி.

போன வாரம் தம்பி மகளுக்குத் தொலைதூர ஊரில் குழந்தை பிறந்தது. "பெரியப்பா, பெரியப்பா" என்று இவர் தோளில் தொங்கி வளர்ந்த பெண். தினமும் ஆறரைக்கு அவள் வீடியோவில் கூப்பிடுவாள். போன் டேட்டா கொஞ்சமாவது எடுக்கும் மாடி பால்கனியிலிருந்து தம்பி குரல் கீழே வரை கேட்கும்.

"படம் அப்படியே நின்னுடுச்சும்மா... சிரிக்கிறானா? சிரிச்சு முடிச்சுட்டானா? அய்யோ, மறுபடியும் சுத்துதே!"

கீழே ஸ்டோர்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஒரு எட்டு மாடியேறி, போட்டுக் கொடுத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"அவன் வந்து கேக்கட்டும்."

"அவரு கேக்க மாட்டாரு. நீங்க ஏற மாட்டீங்க. பிள்ளை வளந்து கல்யாணத்துக்கு நிப்பான், அப்பப் பாத்துக்கலாம்."

அவர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் புரட்டினார்.

மறுநாள் தம்பி வெளியே கிளம்பிய சத்தம் கேட்டதும் காரியத்தில் இறங்கினார். சண்டையன்று ஒற்றைக் கோட்டால் அடித்திருந்த அந்தப் பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டார். தம்பி போன் அதை மறந்திருக்காது. யாரும் யாரையும் கேட்க வேண்டாம், யாரும் யார் வீட்டுக்கும் ஏற வேண்டாம். ஆனால் வீட்டிலிருந்த மற்றவை எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்துபோயின. டிவியை மறைத்து நின்று போட்டார்; பிரிண்டர், இரண்டு போன், டேப்லெட் என்று மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"நல்லாப் பாத்துக்கிட்டு இருந்த நாடகம் போச்சு! இப்ப எதுக்கு மாத்துனீங்க?"

"பாதுகாப்புக்குத்தான்" என்றார், திரும்பாமலே.

ஆறு மணிக்கு ஆஜர் பட்டியலில் வீட்டுக் கணக்கு மட்டுமே இருந்தது. ஆறேகால் ஆனது. போன் மறந்துதான் போய்விட்டதோ என்று பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. பட்டியலில் கூடுதலாக ஒரு வரி முளைத்தது. தம்பி பெயர்.

ஆறரைக்கு மேலே போன் அடித்தது.

"அட, என்னம்மா இன்னைக்கு இவ்வளவு தெளிவா இருக்கு! கண்ணு, இங்க பாருடா... சிரிக்கிறான், சிரிக்கிறான்!"

ஸ்டோர்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மடங்கிக் கிடந்த கொம்புகள் இரண்டையும், பெட்டி அசையாமல், மெல்ல மாடியைப் பார்க்க நிமிர்த்திவிட்டார்.