முதுகில் இரண்டு தட்டு

எதிரணிக்காரர்கள் கார்னர் உதைக்கப் போகிறார்கள் என்றால் எனக்கு மைதானத்தை விட்டு ஓடிவிடலாம்போல இருக்கும். ஆட ஆரம்பித்த முதல் வருடமும் அப்படித்தான், கடைசி வருடமும் அப்படித்தான். கால்பந்தில் நான் ஸ்டாப்பர், பின்வரிசையின் நடுவில் நின்று மறிக்கிறவன். பார்க்க வந்தவர்கள் என்னைப் பாறாங்கல் என்றார்கள். "அந்த ஸ்டாப்பரத் தாண்டிப் போறது ரொம்பக் கஷ்டமுங்க" என்று டீக்கடையில் யாரோ சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். தாண்டிவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டு நின்றவன், தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்கிறான்.

அவிநாசி சாலையில், கருமத்தம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த ஒரு நூற்பாலையின் அணிக்கு நான் ஆடினேன். தொண்ணூறுகளின் தொடக்கம். கோவையில் பந்து உதைத்துக் குடும்பம் நடத்த வேண்டும் என்றால் என்னைப் போன்றவனுக்கு மில் வேலைதான் வழி. ஏதாவது ஒரு பிரிவில் பெயர் இருக்கும், மாதாமாதம் சம்பளம் வரும், ஆனால் நாங்கள் இருப்பது மைதானத்தில். ஆட்டம் உள்ளவரை அந்தப் பிரிவின் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. கால் போனாலோ, அணியிலிருந்து கழித்துவிட்டாலோ, மறுநாளே அங்கே போய் நிற்க வேண்டும்.

என் பெயர் இருந்தது ப்ளோரூமில். பஞ்சுப் பொதிகளைப் பிரித்து இயந்திரத்துக்குள் போட்டு அடித்துத் தூசி நீக்குகிற இடம் அது. என் அப்பா வேறொரு மில்லில் அதே வேலையைத்தான் செய்தார். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போய்த் திரும்பும் நாளில் அவருக்குப் பஞ்சுத் தூசியில் மூச்சு இழுக்கும். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்து நிற்பார். அம்மா வெந்நீர் டம்ளரோடு பக்கத்தில் நிற்பாள். வீட்டில் யாரும் பேச மாட்டோம். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். அந்த இழுப்புச் சத்தம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே எதிரணிக்காரன் பந்தோடு என்னை நோக்கி வரும்போதெல்லாம் அவனுக்குப் பின்னால் ப்ளோரூம் கதவு திறந்திருப்பதுபோல இருக்கும். இவன் இன்று என்னைத் தாண்டினால் நாளை நான் அதற்குள். கோல் போனால் மற்றவர்களுக்குத் தோல்வி. எனக்கு அது பஞ்சுத் தூசி.

எனக்குப் பின்னால், கோல்கீப்பருக்கு முன்னால், கடைசி ஆளாக ஆடியவன் காரமடைப் பக்கத்துக்காரன். தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பம். என்னைப்போல நேராக மைதானத்துக்கு வந்தவன் இல்லை. சில காலம் உள்ளே நூல் ஓட்டிய பிறகுதான் அணியில் எடுத்தார்கள். அதனால் மில்காரர்களின் கைப்பேச்சு அவனுக்கு அத்துப்படி. ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே கத்தினால் கேட்காது, எல்லாம் சைகைதான். குனிந்து வேலை செய்கிறவனின் முதுகில் இரண்டு தட்டு தட்டினால், பின்னால் ஆள் நிற்கிறேன் என்று அர்த்தம். அவன் திடுக்கிட்டுக் கையை இயந்திரத்துக்குள் விட்டுவிடக் கூடாது, அதற்காக.

அதை அவன் அப்படியே ஆட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். மற்ற அணிகளில் பின்வரிசைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். எங்கள் பின்வரிசை ஊமை.

"கத்துனா அவுங்க ஃபார்வர்டுக்குந்தான மாப்ள கேக்கும்?" என்பான்.

கார்னருக்கு முன்னால் வந்து என் முதுகில் இரண்டு தட்டு தட்டுவான். நான் பின்னால் இருக்கிறேன், நீ துணிந்து எழும்பு என்று பொருள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பயம் போய்விடாது, ஆனால் கால் தரையை விட்டு எழும். என் ஆட்டமே அந்த இரண்டு தட்டில்தான் நடந்தது. இதை அன்று யாரிடமும் சொன்னதில்லை, பாறாங்கல் என்ற பெயர் கெட்டுப்போகுமே.

சத்தியமங்கலத்தில் நடந்த ஒரு போட்டியில் என் முட்டி போனது. மழை பார்த்துப் பல மாதம் ஆன மைதானம், சிமெண்டுத் தரை தேவலை. பந்துக்காகத் திரும்பினேன், உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. வலியைவிட முதலில் வந்தது ப்ளோரூம் ஞாபகம். திரும்பி வரும் வேனில் நான் அழுததை மற்றவர்கள் வலி என்று நினைத்துக்கொண்டார்கள். அவனுக்குத் தெரியும். காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "அழுவாத மாப்ள, ஏதாச்சும் வழி பொறக்கும்" என்றான்.

பிறக்கத்தான் செய்தது. அதே சமயத்தில் எங்கள் பயிற்சியாளர் வேறு ஊருக்குப் போய்விட, நிர்வாகம் என்னையே அணியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. "ஏனுங்க, இனியாச்சும் பயமில்லாமச் சோறு தின்னுங்க" என்றாள் என் மனைவி. அவளுக்கு என்ன தெரியும்? ஆடுகிறவனுக்குப் பயம் வந்தால் ஓடலாம், எகிறலாம், யார் காலையாவது இடறிவிடலாம். கோட்டுக்கு வெளியே நிற்கிறவன் எங்கே ஓடுவது? என் முதுகு காலியாக இருந்தது. நடுவர் விசில் ஊதும்வரை சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்படி ஓரிரு வருடங்கள் ஓடின. அதற்குள் மில்களுக்கு நேரம் சரியில்லாமல் போயிற்று. ஒருநாள் மில் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க, காப்பி சாப்புடுங்க" என்றார். எங்கள் ஊரில் கெட்ட சேதியை வெறும் வயிற்றில் சொல்ல மாட்டார்கள்.

"டீமையே கலைக்கோணுமுன்னு மேல சொல்றாங்க. நாந்தான் பேசி நிறுத்தி வெச்சிருக்கறனுங்க. ஆனா ப்ளோரூமுல ஆள் பத்துலீங்க. உங்க பக்கத்துல இருந்து ஒரு ஆள அனுப்பிப்போட்டா அவுங்களும் சும்மா இருப்பாங்க. யாருன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்தக் காரமடைக்காரருக்கு வயசாவுதுங்களே."

வயது ஆகத்தான் செய்தது. அணியிலேயே மூத்தவன் அவன்தான். காபியை எப்படிக் குடித்தேன், எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. இத்தனை நாள் எவனோ ஒரு எதிரணிக்காரன் என்னை அந்தக் கதவுக்குள் தள்ளிவிடுவான் என்று பயந்தேன். இப்போது ஒருவனைத் தள்ளுகிற இடத்தில் என்னையே உட்கார வைத்திருந்தார்கள். இதற்கு முந்தைய பயமே மேல்.

அடுத்த சில நாட்கள் பயிற்சியில் அவனைத் தவிர வேறு யாரையும் நான் பார்க்கவில்லை. அவனை ஒருவன் தாண்டிப் போனால் எனக்கு உயிர் போனது. அவன் சறுக்கி ஒரு பந்தை எடுத்துவிட்டால் பைத்தியக்காரன்போலக் கைதட்டினேன். சின்னப் பையன்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவன் வழக்கம்போல முன்னால் நின்ற ஸ்டாப்பரின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, மூஞ்சி பேயறைஞ்சாப்புல இருக்குது?"

"ஒண்ணுமில்லடா. ராத்திரி தூக்கமில்ல."

அது மார்கழி. காலையில் மைதானத்தில் எதிர்க் கோல் கம்பம் தெரியாத அளவுக்குப் பனி. ஓட்டம் முடிந்து எல்லோரும் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் கோல் கம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்தான், இருமினான். சாதாரண இருமல்தான், பனியில் யாருக்கும் வருவது. ஆனால் அந்தக் கை, அந்தக் குனிவு, அப்படியே அப்பா. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நேராக அதிகாரியின் அறைக்கு நடந்தேன்.

"பயிற்சி காலையிலயும் சாயங்காலமுந்தானுங்க. நடுவால நான் சும்மாத்தான் இருக்கறேன். அந்த ஆளு நானாவே இருந்துக்கறனுங்க" என்றேன்.

அவர் என் முட்டியைப் பார்த்தார். "கால் தாங்குமுங்களா?"

"ஓடற வேலை இல்லீங்களே."

இதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன். வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பப் போய் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்ததும் உண்மை. அதிகாரி அதற்குள் சாப்பிடப் போய்விட்டார், அதனால் தப்பித்தது என் மானம்.

மனைவி பழைய வேட்டி ஒன்றைத் துவைத்துக் காய வைத்து, மூக்கில் கட்டிக்கொள்ள அளவாகக் கிழித்து மடித்துக் கொடுத்தாள். "நனைச்சுக் கட்டிக்கோங்க" என்று மட்டும் சொன்னாள்.

வார விடுமுறைக்கு அடுத்த நாள் காலைப் பயிற்சி முடிந்ததும் துணியை நனைத்துக் கட்டிக்கொண்டு ப்ளோரூமுக்குள் போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி பறந்துகொண்டிருந்தது. இயந்திரம் அடிக்கிற அடியில் தரை அதிர்ந்தது. மேஸ்திரி கையைக் காட்டி, பொதியைக் காட்டி, எப்படி அள்ளிப் போட வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். நான் குனிந்தேன். முதல் பிடிப் பஞ்சை அள்ளும் முன்பே நெஞ்சு இறுகிவிட்டது. தூசி அதற்குள் என்னை என்ன செய்திருக்க முடியும்? தெரியும், ஆனாலும் மூச்சு வரவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் இழுப்புச் சத்தம் கேட்டது. அது என் வாயிலிருந்துதான் வருகிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. கதவு எந்தப் பக்கம் என்று பார்க்கக்கூடத் தலையைத் தூக்க முடியவில்லை.

அப்போது முதுகில் இரண்டு தட்டு.

அவன் அங்கே இருக்க வேண்டிய நேரம் இல்லை. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன். அவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, யார் சொன்னார்களோ. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவன் நிற்கிறான் என்றால் நிற்கிறான்.

பயம் போகவில்லை. அதோடேயே பஞ்சை அள்ளிப் போட்டேன்.