ஒல்லி டயர் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். ஒரகடம் பக்கத்துக் கிராமத்தில் குடியிருந்தோம். எனக்கு ஏழாம் மாதம். அடிவயிற்றில் லேசாக வலி. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் பஸ் வரவே இல்லை. கணவர் சைக்கிளை எடுத்தார்.

அந்தச் சைக்கிளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். வேகமாகப் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நல்ல பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு ஒல்லி டயர் வண்டி வாங்கியிருந்தார். தினமும் காலையில் பம்ப் அடித்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். துளி அமுங்கினாலும் மறுபடி அடிப்பார். "கல்லு மாதிரி கீது பாரு" என்பதில் அப்படி ஒரு பெருமை. அவருக்கென்ன, ஸ்பிரிங் வைத்த சீட். எனக்குக் கேரியர் கம்பி, அதன்மேல் மடித்த ஒரு துண்டு.

ஜல்லி பெயர்ந்த ரோடு. ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் இடித்தது. "மெதுவாப் போங்க" என்று மூன்றாம் முறை சொன்னபோது, "ரோடு அப்படிக் கீது, நான் இன்னா பண்றது?" என்று எரிந்து விழுந்தார். வலி கூடியது. நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அந்த வயிற்றோடு உட்கார்ந்து பின் சக்கரத்து வால்வைத் திருகினேன். கொஞ்சம் காற்று விட்டால் இடி குறையும் என்றுதான் நினைத்தேன். கோபத்தில் வால்வு கையோடு வந்து, மொத்தக் காற்றும் போயிற்று. பம்ப் வீட்டில்!

நடுரோட்டில் இருவரும் கத்திக்கொண்டிருந்தபோது, பால் ஊற்றிவிட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் நின்றார். என் முகத்தைப் பார்த்ததுமே காலி கேன்களை இறக்கி வைத்தார்.

"என் வண்டில இட்டுகினு போ நைனா. டயரு தடி, காத்தும் அளவாத்தான் வெச்சிகீறேன். கல்லு மாதிரி அடிச்சா பாலே வெண்ணெயாப் பூடும். புள்ளத்தாச்சி தாங்குமா?"

அதே ரோடுதான். ஆனால் டயர் கற்களின் மேல் அமுங்கிக் கொடுத்துக்கொண்டே போனது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் வலி நின்றது. மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். அன்று அந்தப் பால்காரர் எங்கள் வண்டியில் கேன்களை மாட்டித் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, வண்டியை மாற்றிக்கொண்டு போனார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று வரை மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கேரியரில் உட்கார்ந்திருந்தேனே தவிர, முதுகு வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பொறுத்துக்கொள்வதுதான் நல்ல குணம் என்று எனக்குச் சொல்லித்தந்தவர்கள் மேல் இன்றும் கோபம் வருகிறது. வயிற்றுப் பிள்ளையோடு அதை நம்பிக்கொண்டிருந்த என் மேல் அதைவிட அதிகமாக.