பெரியத்தாவின் பெயரைச் சொல்லாத தெரு

இத்தாலியில் அரசாங்க மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் பெயரைக் கேட்பார்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் மனைவியிடம் கணவன் பெயரைக் கேட்டுவிட்டு, அவள் தன் வாயாலேயே சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். நான் இங்கே வந்த இரண்டாம் வருடம், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த என் மனைவி நூர்ஜஹானைக் கூட்டிக்கொண்டு கொமூனே என்கிற நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் கேட்டதும் இவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் கையை உயர்த்தித் தடுத்தார். மறுபடி கேட்டார். இவள் தரையைப் பார்த்தாள். பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, உன் கணவன் உன்னை அடிப்பானா என்று இவளிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறார். இவளுக்குப் பாஷை புரியவில்லை. மரியாதைக்குத் தலையாட்டி வைத்துவிட்டாள். நான் நல்லவன்தான் என்று ஒரு போலீஸ்காரருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

உத்தமபாளையத்தில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. யாராவது வந்து கேட்டால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையோ, எதிர்வீட்டு ஆணோ பெயரைச் சொல்லிவிடுவார்கள். புருஷன் பெயரையும், மருமகன், மச்சான், கொழுந்தன் பெயரையும் சொல்லாமலே ஒரு பெண் ஆயுசைக் கழித்துவிடலாம். இந்த வழக்கத்தை ரொம்ப நாள் ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன்.

என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மூத்தவர் முகமது மைதீன். எனக்குப் பெரியத்தா. நான் அவரைப் பார்த்ததில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, கல்யாணம் முடிந்த சூட்டோடு பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை. அவர் போன பிறகுதான் மகள் கதீஜா பிறந்தார். இத்தாலிக்காரனிடம் கைதியாகச் சிக்கினார் என்பது வரைக்கும் ஊருக்குச் செய்தி வந்தது. அதற்குமேல் ஒரு காகிதமும் வரவில்லை. சண்டை முடிந்து மற்றவர்கள் திரும்பியதும் ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அவன் வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டானாம். கதீஜா அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டு இரண்டு முறை எழுந்து போனார்கள். வருடா வருடம் பராஅத் இரவில் வீட்டில் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவர்களின் பெயரை எல்லாம் சொல்லிப் பாத்திஹா ஓதி வேண்டிக்கொள்வோம். பெரியத்தா பெயர் மட்டும் வராது. உயிரோடு எங்கோ குடித்தனம் நடத்துகிறவருக்கு எப்படி ஓதுவது? பெரியம்மா கடைசிவரை விதவையாகவும் இல்லை, வாழ்கிறவளாகவும் இல்லை.

வட இத்தாலியில் நெல் விளைகிற ஒரு சின்ன ஊரில், அரிசி ஆலையில் எனக்கு மிஷின் பார்க்கிற வேலை. ஒரு முறை விடுமுறையில் போயிருந்தபோது, எண்பதைத் தாண்டிவிட்ட கதீஜா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தா நீ இருக்குற நாட்டுலதான் இருந்தாகன்னு சொல்றாக. எந்தச் சிறுக்கி வீட்டுல இருந்தாகன்னு பாத்துச் சொல்லு. நான் கண்ண மூடுறதுக்குள்ள தெரியணும்."

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. பழைய ராணுவக் காகிதங்களை வைத்திருக்கும் காப்பகங்களுக்கு எழுதினேன். தேனி மாவட்டம் என்று நான் எழுதியதே முதல் கோணல். அப்படி ஒரு மாவட்டமே ஏட்டில் இல்லை என்று பதில் வந்தது. அவர் போன காலத்தில் நாமெல்லாம் மதுரை ஜில்லா என்பது எனக்கு உறைக்க ஒரு மழைக்காலம் போயிற்று. மதுரை ஜில்லா, உத்தமபாளையம், தகப்பன் பெயர் இன்னது என்று திருத்தி எழுதினேன். ஆலையில் என்னோடு வேலை பார்க்கிற மார்க்கோ இத்தாலிய அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதித் தந்தான். உன் தாத்தாவா என்று கேட்பான். பெரியத்தா என்பேன். அப்பாவின் அண்ணனுக்காகவா இவ்வளவு பாடு என்று அவன் ஆச்சரியப்படுவான். கதீஜா அக்காவை அவனுக்கு எப்படி விளக்குவது?

ஒரு சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டருக்கு அந்தக் கோப்பு வந்தது. பாலைவனத்தில் பிடிபட்டார். முகாமுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே நிமோனியா காய்ச்சல். முகாம் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடக்கம் செய்த இடத்தின் பெயரும் இருந்தது. வெள்ளைக்காரியும் இல்லை, குடித்தனமும் இல்லை. நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அழுதுகொண்டே மேசையைத் தட்டிச் சிரித்தேன். நூர்ஜஹான் பயந்துபோய் ஓடி வந்தாள்.

கோப்பின் கடைசித் தாளைப் படித்ததும்தான் சிரிப்பு நின்றது. மரணச் செய்தியோடு ஒரு அதிகாரி எங்கள் தெருவுக்கே வந்திருக்கிறார். ஊரில் அதே பெயரில் இன்னொரு பட்டாளத்துக்காரரும் இருந்ததால், ஆளை உறுதி செய்யாமல் சொல்லக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. வீட்டுப் பெண்ணிடம் கணவன் பெயரைக் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டாள், அக்கம்பக்கத்துப் பெண்களும் மறுத்துவிட்டார்கள், ஆண்கள் ஒருவரையும் காணோம் என்று எழுதிவைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். கிழமை வெள்ளி, நேரம் மதியம். ஆண்களும் பையன்களும் ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்ட நேரம். தெருவோ ஒரே வகையறா. பெரியத்தா ஒருத்திக்கு மருமகன், ஒருத்திக்கு மச்சான், இன்னொருத்திக்குப் புருஷனின் அண்ணன். அந்தப் பெயரை வாயால் சொல்லக்கூடிய பெண் ஒருத்திகூட அங்கே இல்லை. பெற்ற தாய் சொல்லியிருப்பார். அவர் அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார்.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். 

"அம்மா இதச் சொல்லிருக்காக தம்பி. ஒரு தொப்பிக்காரன் வந்து அத்தா பேரக் கேட்டான், எங்க தெருவுல ஒருத்திகூட வாயத் தொறக்கலயேன்னு பெருமையாச் சொல்லுவாக. எதுக்கு வந்தான்னு அவுகளுக்குத் தெரியாமயே போச்சே."

மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பெரியத்தாவுக்குப் பாத்திஹா ஓத அக்கா ஏற்பாடு செய்தார். பேரை மைக்கில் சொல்ல வேண்டும், தகப்பன் பேரோடு சொல்ல வேண்டும், மூன்று முறை சொல்ல வேண்டும் என்று இமாமிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். தெருப் பெண்களை எல்லாம் வாசலில் நிற்க வைத்திருக்கிறார். ஒலிபெருக்கியில் பெயர் வந்ததும் அக்காவும் உரக்கச் சொல்லியிருக்கிறார். கூட நின்ற பெண்களும் சொல்லியிருக்கிறார்கள். நெய்ச்சோறு ஆக்கித் தெரு முழுக்கக் கொடுத்தார்கள். பெண் பார்த்துவிட்டு எழுந்து போன ஒரு வீட்டுக்கும் தூக்குச்சட்டி நிறையக் கொடுத்தனுப்பினார் அக்கா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த கெத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

அடுத்த வாரம் ஐந்து மணி நேரம் ரயிலில் போய், பெரியத்தாவை அடக்கிய கபரைக் கண்டுபிடித்தேன். வெள்ளைக் கல்லில் அவர் பெயர், மேலே அரபு எழுத்து. யாரோ இத்தனை வருடமும் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்து மேட்டில் திராட்சைத் தோட்டம். பாத்திஹா ஓதி முடித்து, வீடியோவில் அக்காவுக்குக் காட்டினேன். போனைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார். ஸலாம் சொன்னார். தன் பெயரையும் பேரப்பிள்ளைகள் பெயரையும் அத்தாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார். முப்பது வருடமாக, சம்பாதித்தது போதும் ஊருக்கு வா என்று ஒவ்வொரு போனிலும் சொல்லி வந்தவர் அவர்தான். அவர் பேச்சைக் கேட்டுத்தான் வரும் சித்திரைக்கு ஊரோடு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஊரில் வீட்டுக்கு வெள்ளைகூட அடித்தாயிற்று.

"தம்பி, அத்தாவ அங்கன தனியா விட்டுட்டு நீ பாட்டுக்கு இங்கன வந்துறாத."

நான் குனிந்து, பெரியத்தாவின் தலைமாட்டில் முளைத்திருந்த ஒன்றிரண்டு புல்லைப் பிடுங்கத் தொடங்கினேன்.