தலைமாட்டில் ஒட்டிய பங்கு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியாயி நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து பஸ் ஏறிப் பதுளைக்குப் போவது, கம்பியூட்டரில் புருஷனின் பெயரைப் பார்க்கத்தான். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் புருஷன்மார் வீட்டிலேயே கிடந்து குறட்டை விடுகிறார்கள்.

தோட்டத்தைக் கம்பனி எடுத்தபோது தொழிலாளருக்கெல்லாம் பங்குகளைச் சும்மா கொடுத்தார்கள். பெரியாயி தன்னுடையதை உடனே விற்று ஒரு ரேடியோ வாங்கினாள். மறுமாதமே அது ஊமையாகிவிட்டது. புருஷன் இராமையா விற்கவில்லை. கொழும்புச் சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போகுமுன், பதுளையில் டெலிபோன் கடை வைத்திருக்கும் புவாத்தின் கம்பியூட்டர் வழியாகத் தன் பங்குகளை ஒரு தரகர் கம்பனியில் பதிந்து வைத்தான்.

“விக்கிறதுன்னா நான் வந்துதான் கையெழுத்துப் போடணும் புள்ள.”

அவன் சொல்லிவிட்டுப் போன அந்தப் பேச்சைத்தான் பெரியாயி பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று தீபாவளிக்கு அவன் வரவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு ஞாயிறு, கம்பியூட்டரில் தரகர் கம்பனியின் பக்கம் திறக்கவேயில்லை. புவாத் நாலு தடவை தட்டிப் பார்த்தான்.

“தரகர் கம்பனிய இழுத்து மூடிட்டாங்களாம் அக்கா.”

“அப்ப பங்கு?”

பங்கு போனால் கையெழுத்தும் போச்சு. கையெழுத்து இல்லையென்றால் அந்த மனுஷன் எதற்கு மலையேறப் போகிறான்?

“பங்கெல்லாம் பதிஞ்சு வைக்கிற பெரிய கந்தோர் கொழும்புல இருக்கு. தரகர் நடுவுல நிக்கிற ஆள்தான். அங்கயிருந்து கடுதாசி ஏதும் வந்துச்சா?”

“வந்துச்சு. சுவத்துல ஒட்டிட்டேன்.”

“என்னது?”

“தீவாளிக்கு எல்லாரும் பேப்பர் ஒட்டுறாங்கல்ல? அதுல அவரு பேரு அச்சுல இருந்துச்சு. தலமாட்டுல ஒட்டினேன்.”

“நல்ல எடம் பாத்தீங்க, போங்க!”

மறுநாள் பெரியாயி காலைப் பெரட்டுக்கும் வேலைக்கும் போகவில்லை. சுவரை நனைத்து, அகப்பைக் காம்பால் சுரண்டி, சுண்ணாம்பும் அடுப்புப் புகையுமாகக் கடிதத்தை உரித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கரிக்கடியில் கணக்கு இலக்கம் அழியாமல் தப்பியிருந்தது. புவாத் கொழும்புக்குப் பேசினான். அவள் அவனுடைய புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணும் போகல்ல அக்கா. எல்லாம் இராமையா அண்ணன் பேர்லயே இருக்காம். வேற தரகருக்கு மாத்த இந்தப் படிவத்துல அவர் கையெழுத்து மட்டும் வேணும்.”

“கையெழுத்து வேணுமா? நல்லாக் கேட்டீங்களா தம்பி?”

உடனே ஸ்பீக்கரில் போட்டு இராமையாவுக்கு அழைப்பு எடுத்தார்கள். பின்னால் கொத்து ரொட்டி தட்டும் சத்தம். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

“தபால்ல போடு புள்ள. போட்டு அனுப்புறேன். எதுக்கு அவ்வளவு தூரம் வந்துகிட்டு?”

புவாத் கடித உறையை எடுத்து தபால் முத்திரையை நக்கிவிட்டான். பெரியாயி உறையின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள்.

“தபால்ல எடுக்க மாட்டாங்களாங்க. நீங்க நேர்லதான் வரணுமாம்.”

புவாத் வாயைத் திறந்தான். அவள் முறைத்தாள். மூடிக்கொண்டான்.

கொத்துச் சத்தத்தை மீறி இராமையா சொன்னான்: “லீவு கேட்டுப் பாக்கிறேன்.”

லயத்தில் தலைமாட்டுச் சுவர், கடிதம் இருந்த அளவுக்கு வெறுமையாகக் கிடந்தது. சுவருக்கு அந்தப்புறம் குடியிருக்கும் பக்கத்துக் காம்பராக்காரி பழைய பேப்பரும் மாப்பசையும் கொண்டுவந்தாள்.

“இருக்கட்டும்,” என்றாள் பெரியாயி. “அவரு வந்து ஒட்டுவாரு.”